சுவரொட்டிக்குக் கொடுத்த படம்

கல்யாண மண்டபத்தில் எல்லோரும் பெண்ணையும் மாப்பிள்ளையையும் பார்ப்பார்கள். நானும் அவர்களைத்தான் பார்க்க வேண்டும், அதற்குத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். ஆனால் இருபத்து மூன்று நாளாக என் கண் மேடையில் நிற்பதில்லை. கேமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டே பின்வரிசை நாற்காலிகளைத் துழாவுகிறேன். வாசல் பக்கம், சாப்பாட்டுக்கூடத்துப் பக்கம், தூணோரம். நரைத்த தலை எங்கே தெரிந்தாலும் லென்ஸ் தானாக அங்கே போய் நின்றுவிடுகிறது.

"மேடம், மாப்பிள்ளையோட சித்தப்பாவை பளிச்சுன்னு எடுத்து, மாப்பிள்ளைய மங்கலாக்கிட்டீங்க," என்று ஸ்டாண்டு காதோரம் வந்து சொன்னார்.

ஸ்டாண்டு என்பது எங்கள் வீடியோக்காரருக்கு நான் வைத்த பேர். ஆறடிக்கு மேல் உயரம், சதை என்று சொல்லிக்கொள்ள உடம்பில் ஒன்றும் கிடையாது. கேமரா ஸ்டாண்டாக மூன்றாவது கால் மட்டும்தான் பாக்கி. பதினோரு வருஷமாக என்னோடு வண்டி ஓட்டுகிறார், வீடியோ எடுக்கிறார், என் வாயிலும் விழுந்து எழுந்திருக்கிறார்.

"அப்பா மாதிரி இருந்தார்," என்றேன்.

"தெரியும் மேடம். நானும் ஒரு நிமிஷம் ஏமாந்துட்டேன்."

அப்பா காணாமல் போனது ஒரு செவ்வாய்க்கிழமை காலை. நான் வெளியூர்க் கல்யாணம் ஒன்றுக்குப் போயிருந்தேன், அதனால் வழக்கம்போல அப்பாவை அண்ணன் வீட்டில் விட்டிருந்தேன். அண்ணன் வேலைக்குக் கிளம்பிவிட்டான். அண்ணி குளிக்கப் போனார். பத்து நிமிஷம்தான். அதற்குள் சட்டையை மாட்டி, தோள்பையை எடுத்து, நாற்காலி போட்டு ஏறி மேல்தாழ்ப்பாளைத் திறந்து போய்விட்டார். காலையில் பல் தேய்த்தோமா இல்லையா என்பது தெரியாது, பெற்ற பிள்ளைகள் பேர் தெரியாது, தாழ்ப்பாளை மட்டும் அந்த மறதி நோய் விட்டுவைத்திருந்தது.

வேறு வீட்டு அப்பாக்கள் காணாமல் போனால் இரண்டு தெரு தள்ளி எங்காவது உட்கார்ந்திருப்பார்கள். எங்கள் அப்பா முப்பத்தைந்து வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவர். ஓய்வு பெற்ற ஊழியர் என்ற அடையாள அட்டை அவர் பையில் எப்போதும் இருக்கும். அதை நீட்டினால் எந்தக் கண்டக்டரும் சீட்டு கேட்காமல் ஏற்றிக்கொள்வார். மறதி முற்றிய பிறகு வீடே அவருக்கு பஸ்ஸாகிவிட்டது. அண்ணி காபி கொண்டுபோனால், "படியில நிக்காதம்மா, உள்ள தள்ளி நில்லு" என்பார். டி.வி.யில் செய்தி வாசிக்கிறவளைப் பார்த்து, "நீங்க எங்க எறங்கணும்?" என்று கேட்பார். நாங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருக்கிறோம்.

பஸ் நிலையத்துக் கேமராவில் அவர் ஏறுவது தெரிந்தது. அடுத்த ஊரில் இறங்கியிருக்கிறார். அங்கிருந்து நாலு திசைக்கும் பஸ் போகிறது. அதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை.

புகார் எழுதிக்கொண்ட போலீஸ்காரர், "நல்ல போட்டோ ஏதாவது இருக்கா?" என்று கேட்டார். என்னிடம் போய் இந்தக் கேள்வி. நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணி தன் போனை நீட்டினார். முந்தின மாசம் அவரே எடுத்தது. அப்பா பனியனோடு கட்டிலில் உட்கார்ந்து எதையோ முறைத்துக்கொண்டிருக்கிறார். மூன்று நாள் தாடி. டியூப்லைட் வெளிச்சத்தில் முகம் மஞ்சளாகத் தெரிகிறது, பின்னால் கொடியில் ஈரத் துண்டு தொங்குகிறது.

"இதையா அண்ணி ஊர் பூரா ஒட்டறது? பாக்கறவன் பிச்சைக்காரன்னு நெனச்சுட்டு போயிடுவான்."

"இப்ப இப்படித்தானே இருக்காரு," என்றார் அண்ணி மெதுவாக.

"இருபது வருஷமா நான் என்ன மண்ணு சுமந்துக்கிட்டா இருக்கேன்? எங்கிட்ட படம் இல்லையா?"

அண்ணி போனை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டார். அவர் பதில் பேசுகிற ஆளே இல்லை.

நான் கொடுத்தது அப்பாவின் எழுபத்தைந்தாவது பிறந்த நாளுக்கு ஸ்டுடியோவில் எடுத்த படம். சாம்பல் நிறக் கோட்டு, பக்கவாட்டு வெளிச்சம், லேசாகத் திரும்பிய முகம், உதட்டோரம் ஒரு சிரிப்பு. மூன்று வருஷமாக ஸ்டுடியோ வாசலில் கண்ணாடிக்குப் பின்னால் ஆளுயரத்துக்கு நிற்கிறது. "யாரு இவரு, ரிட்டயர்டு ஜட்ஜா?" என்று கேட்டுக்கொண்டே படியேறி வந்த வாடிக்கையாளர்கள் உண்டு. போலீஸ்காரரும், "அடேயப்பா, நல்லா இருக்கே," என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. பெற்ற தகப்பனைக் காணோம் என்று எழுதிக் கொடுக்கிற மேஜையில் உட்கார்ந்துகொண்டு பெருமைப்பட்ட ஜென்மம் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஐந்நூறு சுவரொட்டி அடித்தோம். கோட்டுப் படம், அப்பா பேர், வயசு, காணாமல் போன தேதி, என் நம்பர். அண்ணன் விடுமுறை கிடைக்கிற நாளில் ஒரு திசைக்குப் போவான். நான் எந்த ஊரில் கல்யாணம் இருக்கிறதோ அந்த ஊரில் ஒட்டுவேன். வேலையை நிறுத்தவும் வழியில்லை. ஒரு வருஷத்துக்கு முன்னாலேயே ஒத்துக்கொண்ட தேதிகள். என் அப்பாவுக்காக அவர்கள் கல்யாணத்தைத் தள்ளிவைக்க முடியுமா? போட்டோக்காரிக்குத் துக்கம் வந்தால் முகத்தைக் கேமராவுக்குப் பின்னால் வைத்துக்கொள்ளலாம். இந்தத் தொழிலில் இருக்கிற ஒரே சௌகரியம் அது.

முதலில் போனது மலை மேல் ஒரு ஊர். இரண்டு நாளும் விடாத மழை. பெண்ணைக் குடையோடு எடுத்தேன், குடையில்லாமல் எடுத்தேன், நனைந்த தலைமுடிக்காக அவள் அழுததையும் எடுத்தேன். ஸ்டாண்டும் நானும் பஸ் நிறுத்தச் சுவர்களில் பசை தடவி ஒட்டினோம். காலையில் போய்ப் பார்த்தால் அத்தனையும் கீழே சேற்றில் கிடந்தன. அப்பாவின் கோட்டின் மேல் டயர் தடம் இருந்தது.

அடுத்தது ஆற்றங்கரையில் ஒரு பெரிய ஊர். நாலு ஊர்ப் பாதைகள் கூடுகிற பஸ் நிலையம் அங்கே இருந்தது. மழை அனுபவம் இருந்ததால் கூரைக்கு அடியில் இடம் தேடினேன். டீக்கடைக்கார அக்கா ஒருத்தி, "வெளிய ஒட்டாதம்மா, ரெண்டு நாள்ல கிழிச்சுடுவானுங்க. உள்ள ஒட்டு," என்று தன் கடைச் சுவரைத் தானே ஈரத் துணியால் துடைத்துக் கொடுத்தார். பெஞ்சுக்கு நேர் மேலே, உட்கார்ந்து டீ குடிக்கிற எவன் கண்ணிலும் படுகிற மாதிரி ஒட்டினோம். அவ்வளவு நல்ல இடம் வேறெங்கும் கிடைக்கவில்லை.

நடுவில் ஒரு குடும்பப் படம். ஐம்பது வருஷம் சேர்ந்து வாழ்ந்த கணவன் மனைவி, பிள்ளைகள், பேரன் பேத்திகள். அந்த அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "கழுத்துச் சுருக்கத்தை எடுத்துடுவீங்கல்ல?" என்றார்.

"எடுத்துடலாம்மா. அப்புறம் உங்களுக்கே உங்களை அடையாளம் தெரியாது," என்று சொல்லிச் சிரிக்க வைத்தேன்.

எல்லோரிடமும் சொல்கிற ஜோக்தான். கம்ப்யூட்டர் திரையில் ஒரு முகம் வந்துவிட்டால் என் கை யாரையும் கேட்பதில்லை. பரு, தழும்பு, கருவளையம், மூக்கில் விழுந்த கண்ணாடித் தடம் எல்லாவற்றையும் ஒரு முறை துடைத்துவிட்டுத்தான் நான் முகத்தையே பார்க்க ஆரம்பிப்பேன். வேறு யோசனையில் இருந்தாலும் கை அது பாட்டுக்குத் துடைத்துக்கொண்டிருக்கும்.

சுவரொட்டியைப் பார்த்துப் போன்கள் வந்தன. ஒருத்தர் வங்கி வாசலில் அப்பாவைப் பார்த்தாராம், போய்ப் பார்த்தால் அவர் அந்த வங்கியின் மேனேஜர். இன்னொருத்தர், "கார்ல வந்து எறங்கினாரும்மா, கையில தங்க வாட்ச்சு," என்றார். கூப்பிட்டவர்கள் எல்லோரும் கோட்டுப் போட்ட கனவான்களாகத்தான் பார்த்திருந்தார்கள். எரிச்சலோடு போனை வைப்பேன். ஏன் அப்படிப் பார்க்கிறார்கள் என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை.

இருபத்து மூன்றாவது நாள், மாப்பிள்ளையின் சித்தப்பாவை நான் பளிச்சென்று எடுத்துக்கொண்டிருந்த அந்தக் கல்யாணத்தில், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் போன் வந்தது.

"ஏம்மா, பஸ் ஸ்டாண்டு டீக்கடைலேர்ந்து பேசறேன். நீ நோட்டீஸ் ஒட்டிட்டுப் போனியே. உங்கப்பாவோட கார்டு ஒண்ணு எங்கிட்ட கெடச்சிருக்கு. நோட்டீஸ்ல இருக்கற அதே பேரு."

"அப்பா அங்க இருக்காரா?"

"நீ நேர்ல வாம்மா, சொல்றேன்."

முக்கியமான படங்கள் முடிந்திருந்தன. பெண்ணின் அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னேன். "மொதல்ல போங்கம்மா, இதெல்லாம் ஒரு விஷயமா," என்று அவரே என் பையைத் தூக்கிக் காரில் வைத்தார். இரண்டு மணி நேரப் பயணம். ஸ்டாண்டு ஒரு இடத்திலும் நிறுத்தவில்லை. வண்டியில் இருந்து அண்ணனைக் கூப்பிட்டேன். அட்டையைப் பற்றிச் சொல்லக்கூட எனக்கு மூச்சு வரவில்லை. "டீக்கடைலேர்ந்து போன் வந்துச்சுண்ணா, அப்பா மாதிரிதான் தெரியுது, போயிட்டிருக்கேன்," என்று மட்டும் சொன்னேன். மறுமுனையில் அண்ணன் அழுதான். அவன் அழுது நான் கேட்டதில்லை. அம்மா போனபோதுகூட கல்லாட்டம் நின்றவன்.

கடையில் கூட்டம் இல்லை. அந்த பெஞ்சு காலியாக இருந்தது. மேலே கோட்டுப் போட்ட அப்பா சிரித்துக்கொண்டிருந்தார். ஓரம்கூடக் கிழியவில்லை.

அக்கா என்னைப் பார்த்ததும் பாய்லரை விட்டு வெளியே வந்தார். "உக்காரும்மா."

"அப்பா எங்க?"

"நாலு நாள் இங்கதாம்மா இருந்தாரு. இந்த பெஞ்சுலதான். டீ குடுத்தேன், பன்னு குடுத்தேன், சாப்ட்டாரு. நேத்து மத்தியானம் தெக்க போற பஸ் ஒண்ணுல ஏறிட்டாரு."

எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. "நாலு நாளா? தலைக்கு மேல படம் ஒட்டியிருக்கு, கீழ மனுஷன் உக்காந்திருக்கான்! உங்களுக்கெல்லாம் கண்ணு எதுக்கு இருக்கு? ஒரு போன் பண்ணத் தோணலையா?"

அக்கா கோபப்படவில்லை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"பாத்தோம்மா. நானும் பாத்தேன், எங்க வீட்டுக்காரரும் பாத்தாரு. ஜாடை இருக்கேன்னு மொத நாளே பேசிக்கிட்டோம். ஆனா இவருக்கு மூக்குப் பக்கத்துல பட்டாணி கணக்கா ஒரு மரு இருக்கு. படத்துல மருவே இல்ல. மூணு வாரத்துல ஒருத்தருக்கு மரு மொளைக்குமா? படத்துல தலை நெறைய முடி, இவருக்கு நடுவுல சுத்தமா இல்ல. பேரைக் கேட்டா, 'நீங்க எங்க எறங்கணும்'னு நம்மளையே கேக்கறாரு. சரி, வேற யாரோ பாவம்னு விட்டுட்டோம்."

பிறகு கல்லாவுக்குப் பின்னால் இருந்து அட்டையை எடுத்துக் கொடுத்தார். காலையில் பெருக்கும்போது பெஞ்சுக்கடியில் கிடந்ததாம்.

அட்டையில் ஏதோ ஒரு அலுவலகத்து ஆள் நிற்க வைத்து எடுத்த தபால்தலை அளவுப் படம். நேரே பார்த்த முகம். வலது மூக்கோரம் மரு. அந்த மருவைப் பிடித்து இழுத்துத்தான் சின்ன வயசில் நான் அவரைத் தூக்கத்திலிருந்து எழுப்புவேன். "ஸ்டாப் வந்துடுச்சா?" என்று கேட்டுக்கொண்டே எழுந்திருப்பார்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் பிறந்த நாள் படம் திரையில் வந்தபோது என் கை அதைத் துடைத்திருக்கிறது. எப்போது துடைத்தேன் என்றுகூட ஞாபகம் இல்லை. முடியை நிரப்பியிருக்கிறேன், கண்ணுக்குக் கீழே இருந்த பையை எடுத்திருக்கிறேன். அதற்கப்புறம் தினமும் காலையில் ஸ்டுடியோவைத் திறக்கும்போது அந்தக் கண்ணாடிக்குள் இருந்த முகத்தைத்தான் பார்த்தேன். பார்த்துப் பார்த்து அதுதான் அப்பாவாகிவிட்டது. வீட்டில் அதே மருவோடு, வழுக்கையோடு எதிரில் உட்கார்ந்து சாப்பிட்ட மனுஷனை நான் நிமிர்ந்து பார்த்த நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். போலீஸ்காரர் கேட்டபோது மரு என்ற நினைப்பே எனக்கு வரவில்லை. அண்ணி எடுத்த மங்கல் படத்தில் அது இருந்தது.

ஸ்டாண்டு அட்டையை வாங்கிப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். என் பக்கம் திரும்பவில்லை. வெளியே போய் வண்டிக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார், அது சுத்தமாகத்தான் இருந்தது.

"ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காத," என்றார் அக்கா. "அவர்கிட்டயே கேட்டுப் பாத்தேன். மேல இருக்கே படம், இவரைத் தெரியுமா பெரியவரேன்னு. எந்திரிச்சு நின்னு, கண்ணைச் சுருக்கிக்கிட்டு ரொம்ப நேரம் பாத்தாரு. 'பெரிய ஆபீசர் மாதிரி இருக்காரு, நம்ம வண்டியில ஏறினதில்ல'ன்னாரு. அப்புறம், 'பாவம், வீட்ல பொம்பளைப் பிள்ளை இருந்தா தேடி அலையுமே'ன்னாரு."

நான் அந்த பெஞ்சில் உட்கார்ந்தேன். அக்கா டீ கொண்டுவந்து வைத்தார். குடிக்க முடியவில்லை. எனக்கு அப்பா வேண்டும் என்று வாய்விட்டுச் சொன்னேன், நாற்பத்தோரு வயசில், பட்டப்பகலில், பஸ்ஸுக்கு நின்ற பத்துப் பேர் கேட்க.

பஸ் நேரம் எழுதி வைக்கிற அறைக்குப் போனேன். அங்கே இருந்தவர் நல்ல மனுஷர், நோட்டைப் புரட்டிப் பார்த்தார். நேற்று மத்தியானம் தெற்கே போனது பதினாலு வண்டி, மூன்று பாதை. "ஊழியர் கார்டைக் காமிச்சா ஏத்திப்பாங்க. கார்டு இல்லேன்னா வழியில எங்கயாவது எறக்கி விட்டிருப்பாங்கம்மா. எங்கன்னு எப்படிச் சொல்றது?" என்றார். அட்டை என் கையில் இருந்தது. தெரிந்தவர் யாருமே இல்லாத ஒரு பாதையில், அட்டையும் இல்லாமல், யார் பேரும் தெரியாமல் நிற்கிற ஒரு கிழவரை நான் நினைத்துப் பார்த்தேன். பிச்சைக்காரன் என்று நினைத்துத்தான் போவார்கள்.

அறையை விட்டு வெளியே வரும்போது அண்ணன் கூப்பிட்டான்.

எடுக்கும்போது எல்லாவற்றையும் சொல்லிவிடத்தான் நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். போனை எடுத்ததும் பின்னால் அண்ணியின் குரல் கேட்டது. "சாப்ட்டாரான்னு கேளுங்க. செருப்பு இருக்கா கால்லன்னு கேளுங்க."

"சொல்லு பாப்பா, அப்பா பக்கத்துல இருக்காரா? போனை அவர் காதுல வையி," என்றான் அண்ணன்.

சொன்னால் அண்ணன் கத்துவான். அது போகட்டும், நானும் திருப்பிக் கத்துவேன். அண்ணி கத்தமாட்டார். ஒரு வார்த்தை சொல்லமாட்டார். இனி நான் அந்த வீட்டுக்குள் நுழையும்போதெல்லாம் எனக்குத் தட்டு வைத்து, பரிமாறி, ஒன்றுமே சொல்லாமல் எதிரில் நிற்பார். சாகிறவரைக்கும்.

"அண்ணா," என்றேன். "அது வேற யாரோ."

"வேற யாரோவா? நல்லா பாத்தியா?"

"பாத்தேன். ஜாடைதான். அப்பா இல்ல."

போன் கை மாறியது. "அழாத, விடு," என்றார் அண்ணி. அவர் சொன்ன பிறகுதான் நான் அழுதுகொண்டிருப்பது எனக்கே தெரிந்தது. "நீ என்ன பண்ணுவ பாவம், ஊர் ஊரா வேலையும் பாத்துக்கிட்டு, தேடிக்கிட்டு. உன்னால முடிஞ்சதுக்கு மேல பண்றே. ஏதாவது சாப்பிடு மொதல்ல."

நானே தெற்கே போய்விடுகிறேன் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். நாளைக்குக் காலை ஒன்பது மணிக்கு ஒரு கல்யாணம். நாளன்றைக்கு இன்னொன்று. அது முடிந்ததும் யாருக்கும் தெரியாமல் போய், மூன்று பாதையிலும் ஒவ்வொரு நிறுத்தமாக இறங்கிப் பார்த்துவிடலாம். அந்த இரண்டு நாளில் அவர் எங்கே படுப்பார், யார் பன்னு கொடுப்பார்கள் என்பதை நினைக்காமல் இருந்தால் அது ஒரு நல்ல திட்டம்தான்.

அண்ணன் மறுபடி போனை வாங்கினான். குரலைச் சரி செய்துகொண்டிருந்தான். "அப்ப அந்தப் பக்கம் அப்பா வரவே இல்லன்னு ஆயிடுச்சு. நான் நாலு நாளைக்கு லீவு சொல்லிட்டேன் பாப்பா. நாளைக்குக் காலைல வடக்க கெளம்பறேன். எல்லா பஸ் ஸ்டாண்டுலயும் பாத்துடறேன். என்ன சொல்றே?"

"சரிண்ணா," என்றேன். "வடக்க பாரு."